கலைவாணரின் சிரிப்பும் சிறைவாசமும்

சிரிக்க வைக்கிறவனுக்கு நம் நாட்டில் என்றுமே இரண்டாம் பந்தியில்தான் இலை போடுவது வழக்கம். கூத்து மேடையிலே கட்டியங்காரன் விடிய விடிய ஜனங்களைத் தூங்காமல் வைத்திருப்பான். பொழுது விடிந்ததும் மாலையும் மரியாதையும் ராஜா வேஷக்காரனுக்குப் போய்ச் சேரும். நாடகக் கொட்டகை வந்தபோது அதே ஆள் 'பபூன்' என்ற பெயரோடு நின்றான். பேசும் படம் வந்தது. அப்போதும் கதாநாயகன் பாடி ஓய்கிற இடைவேளையை நிரப்புவதே அவன் உத்தியோகமாக இருந்தது. இந்த வழக்கத்தைத் தமது ஒருவர் ஆயுளுக்குள், அதுவும் நாற்பத்தொன்பதை எட்டாத ஆயுளுக்குள், தலைகீழாகப் புரட்டியவர் என். எஸ். கிருஷ்ணன்.

சினிமா நடிகர் ஒருவரின் சரித்திரத்துக்குத் தலையங்கப் பக்கத்தில் இடம் எதற்கு என்று கேட்கும் நேயர்கள் இருக்கக்கூடும். அரசியல் தொண்டர்களில் பலருக்குச் சினிமா என்றாலே ஓர் இளக்காரம் உண்டு. ஆனால் கிருஷ்ணனுடைய வாழ்க்கையில் கலையும் சட்டமும் நம்முடைய பத்திரிகைத் தொழிலும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்ட கட்டம் ஒன்று இருக்கிறது. அதை வெறும் சினிமாச் செய்தி என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. மேலும், மேடையேறி ஜனங்களுக்குப் புத்தி சொல்லப் புறப்படுகிற எவரும் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது கொஞ்சநஞ்சமல்ல.

அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலின் ஒழுகினசேரியில் 1908-ம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி அவர் பிறந்தார். ஏழைக் குடும்பம். பள்ளிப் படிப்பு சொற்பத்தில் நின்றுவிட்டது. நாடகக் கொட்டகையில் சோடா விற்ற சிறுவன் அந்தக் கொட்டகையின் மேடைக்கே ஏறினான் என்பது அவர் கதையின் முதல் அத்தியாயம். அதற்கும் முன்னால் அவர் கற்ற வித்தை ஒன்று உண்டு; அது வில்லுப்பாட்டு. நாஞ்சில் நாட்டாருக்கும் நெல்லைச் சீமையாருக்கும் அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லுகிறோம்: வில்லடிப்பவர் கதையைப் பாடுவார், பாடிக்கொண்டே சட்டென்று நிறுத்தி எதிரிலிருக்கும் ஜனங்களோடு பேசுவார், பக்கத்திலிருப்பவர் ஆமாம் போடுவார், குறுக்குக் கேள்வியும் போடுவார், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுகிற சாக்கில் ஊர் விவகாரம் முழுவதும் உள்ளே நுழைந்துவிடும், பிறகு விட்ட இடத்தில் கதை தொடரும். கிருஷ்ணன் பிற்காலத்தில் படங்களிலே செய்த ஹாஸ்யம் முழுவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். அவரை 'இந்தியாவின் சார்லி சாப்ளின்' என்று புகழ்வது ஒரு சம்பிரதாயமாகிவிட்டது. புகழ்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லுகிறார்கள். ஆனால் சாப்ளின் வாய் பேசாமல் சிரிக்க வைத்தவர், கிருஷ்ணனோ பேசியும் பாடியும் சிரிக்க வைத்தவர். ஒழுகினசேரி வில்லுக்குடத்தை விட்டுவிட்டு லண்டன் தெருவிலே அவருக்குக் குருவைத் தேடுவானேன்?

டி. கே. எஸ். சகோதரர்களின் நாடக சபையில் சேர்ந்து பயின்ற பிறகு அவர் திரைக்கு வந்தார். எஸ். எஸ். வாசன் எழுதிய கதையைத் தமிழே அறியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் டைரக்ட் செய்த 'சதி லீலாவதி' (1936) என்ற படத்தில் அவர் நடித்தார். பிற்காலத்தில் இராஜ்யத்தின் முதல் மந்திரியாக விளங்கிய எம். ஜி. இராமச்சந்திரன் ஒரு சின்ன வேஷத்தில் முதன் முதலாகத் தலைகாட்டியதும் அதே படத்தில்தான். அந்த ஆண்டிலேயே 'வசந்தசேனா' படத்துக்காகப் புனாவுக்குச் சென்றபோது டி. ஏ. மதுரத்தை அவர் சந்தித்தார். இருவரும் வாழ்க்கையிலும் திரையிலும் ஜோடி சேர்ந்தனர். கணவனும் மனைவியும் சரிக்குச் சரி நின்று தர்க்கம் செய்வதும், பல சமயங்களில் மனைவியே தர்க்கத்தில் ஜெயிப்பதும் அன்றைய தமிழ்த் திரைக்குப் புதுமையானவை. மதுரம் அம்மையார் இல்லாமல் கிருஷ்ணனின் ஹாஸ்யம் பாதி மத்தளந்தான்.

அக்காலத்துப் படங்களின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் அவருடைய தொழில் திறமை விளங்கும். மூலக் கதை புராணமாகவோ ராஜா கதையாகவோ இருக்கும். ஹாஸ்யப் பகுதிக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. இது கலையின் குறை என்று விமரிசகர்கள் சொல்லுவார்கள், வாஸ்தவம். ஆனால் அந்தக் குறையையே கிருஷ்ணன் தமக்கு மானியமாக வாங்கிக்கொண்டார். சம்பந்தமில்லாத பகுதி என்றால் அதன் முழுப் பொறுப்பும் தம்முடையது என்று வைத்துக்கொண்டார். அதற்கு வேண்டிய கதை, சம்பாஷணை, பாட்டு, உடன் நடிக்கும் டி. எஸ். துரைராஜ், புளிமூட்டை ராமசாமி முதலியோர் அடங்கிய கோஷ்டி எல்லாவற்றையும் தாமே சேர்த்தார். உடுமலை நாராயண கவியின் பாட்டுகள் அவருக்குப் பெரும் பலமாக இருந்தன. 'அம்பிகாபதி', 'திருநீலகண்டர்', 'அசோக்குமார்', 'ஹரிதாஸ்' என்று தியாகராஜ பாகவதர் கொடி கட்டிப் பறந்த படங்களிலே, பெரிய படத்துக்குள் ஒரு சின்னப் படம் ஓடிற்று. அந்தச் சின்னப் படத்தின் உண்மையான டைரக்டர் கிருஷ்ணனே. விளம்பரத்தில் டைரக்டர் என்று அவர் பெயர் வந்தது 1951-ல். வேலையை அவர் தொடங்கி அதற்குள் பல வருஷங்கள் ஆகிவிட்டிருந்தன.

இனி வழக்குக்கு வருவோம். சென்னையில் லக்ஷ்மிகாந்தன் என்று ஒருவர் 'சினிமா தூது' என்ற பத்திரிகை நடத்திவந்தார். நடிகர் நடிகையரின் அந்தரங்க விவகாரங்களை, உண்மையும் பொய்யும் கலந்து அச்சிடுவதே அதன் தொழில். பணம் கொடுத்தவர்களின் விவகாரம் அச்சேறாமல் தங்கிவிடும் என்பதும் ஊரறிந்த ரகசியம். பாகவதர், கிருஷ்ணன், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கவர்னருக்கு மகஜர் கொடுத்ததன் பேரில் அந்தப் பத்திரிகை நின்றது. லக்ஷ்மிகாந்தன் 'இந்து நேசன்' என்ற வேறொரு பத்திரிகையில் அதே தொழிலைத் தொடர்ந்தார். பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றி ஓயாமல் எழுதுகிறவர்கள் நாம். அச்சு எந்திரம் ஒருவன் கையில் கத்தியாகவும் ஆகக்கூடும் என்பதை மறைத்து அந்தச் சுதந்திரத்தைக் காக்க முடியாது. 1944 நவம்பர் 8-ந் தேதி வேப்பேரியில் ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது லக்ஷ்மிகாந்தன் குத்தப்பட்டார். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார். எத்தகைய பத்திரிகை நடத்தினவராயினும் கொலை கொலைதான். அதில் இரண்டு பேச்சில்லை.

டிசம்பர் மாதத்தில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். ஸ்ரீராமுலு நாயுடுவும் வேறு சிலரும் உடன் குற்றஞ்சாட்டப்பட்டனர். தமிழ்நாட்டின் மிகப் பெரிய பாடகரும் மிகப் பெரிய ஹாஸ்ய நடிகரும் கொலைச் சதி வழக்கில் கூண்டில் நின்ற காட்சியைக் காணக் கோர்ட்டு வாசலில் கூடிய கூட்டத்தைப் பற்றி விவரிக்க வேண்டியதில்லை. சட்டம் படித்தவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. கத்தி பிடித்தவர்கள் என்று எவரும் இவ்விருவரைச் சொல்லவில்லை. சதி செய்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. சதியை ருஜுப்பிக்க சர்க்கார் தரப்பு நம்பியிருந்தவர்களில் முக்கியமானவர் அப்ரூவராக மாறிய ஒருவர். அப்ரூவர் சாட்சியைப் பற்றி 1872-ம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டம் இரண்டு இடங்களில் இரண்டு விதமாகப் பேசியது. குற்றத்தில் பங்கு கொண்டவனின் சாட்சியை மாத்திரம் வைத்துத் தண்டித்தாலும் அது சட்டவிரோதமாகாது என்றது 133-வது பிரிவு. அவன் பேச்சை முக்கியமான அம்சங்களில் வேறு சாட்சியம் ஊர்ஜிதம் செய்தாலன்றி அவன் நம்பத் தகாதவன் என்று கோர்ட்டு ஊகிக்கலாம் என்றது 114-வது பிரிவின் உதாரணம். இரண்டையும் சேர்த்துப் படித்து நடக்கவேண்டும் என்பது வக்கீல்களுக்குப் பாலபாடம். ஆனால் பன்னிரண்டு மாதமும் பத்திரிகைகளில் அடிபட்ட வதந்திகளோடு ஜூரி ஆசனத்தில் அமர்கிற சாதாரண மனிதருக்கு அந்தப் பாடத்தை ஒரு நாள் காலையில் புகட்டிவிட முடியுமா என்பது கேள்வி.

ஜூரர்கள் ஒருமனப்படவில்லை. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று பெரும்பான்மையோர் சொன்னார்கள். 1945 மே மாதத்தில் நீதிபதி மாக்கெட் இருவருக்கும் ஆயுள் பரியந்தம் தீவாந்தர சிட்சை விதித்தார். ஹைகோர்ட்டில் செய்த அப்பீலும் தள்ளப்பட்டது. லண்டனில் பிரிவி கௌன்ஸிலுக்குப் போனார்கள். அப்பீலை மறுபடியும் விசாரிக்க வேண்டும் என்று பிரிவி கௌன்ஸில் வழக்கைச் சென்னைக்கே திருப்பியனுப்பிற்று. 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுத்தீன் ஆகியோர் முன் ஸ்ரீ வி. எல். எத்திராஜ் வாதித்தார். இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையாயினர். அதே சாட்சிகள், அதே வாக்குமூலம், அதே ஹைகோர்ட்டு! ஒரு பெஞ்சின் முன் ஆயுள் தண்டனைக்குப் போதுமானதாக இருந்தது, மற்றொரு பெஞ்சின் முன் ஒரு நாள் தண்டனைக்கும் போதாது என்று ஆயிற்று. ஜூரி முறை பிற்காலத்தில் நம் நாட்டில் எடுபட்டுப் போனதற்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் இந்த வழக்கின் கட்டை ஒரு முறை பிரித்துப் பார்க்க வேண்டும். லண்டன் வரை வழக்காடப் பணமும் வக்கீலும் இல்லாத ஓர் ஏழை அந்தக் கூண்டில் நின்றிருந்தால் அவன் கதி என்னவாகியிருக்கும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். லக்ஷ்மிகாந்தனைக் கொல்ல ஏவியவர் யார் என்பது கடைசிவரை துலங்கவேயில்லை.

இதிலே ஒரு விசித்திரம். 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளிவந்தது. சென்னை பிராட்வே டாக்கீஸில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. படத்தில் பாடியவரும் சிரிக்க வைத்தவரும் சிறையில் கம்பி எண்ணிக்கொண்டிருக்க, ஜனங்கள் டிக்கட் வாங்கிக்கொண்டு போய் அவர்களுடைய பாட்டைக் கேட்டுத் தலையாட்டி, ஹாஸ்யத்தைக் கண்டு சிரித்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கோர்ட்டின் தீர்ப்பு வேறு, கொட்டகையின் தீர்ப்பு வேறாக இருந்தது.

வெளியே மதுரம் அம்மையார் சும்மா இருக்கவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு கணவருடைய நாடக சபையைக் கலையவிடாமல் காத்தார். வழக்குச் செலவுக்கு ஓடியாடிப் பொருள் சேர்த்தார். மேடையில் நடந்துவந்த 'பைத்தியக்காரன்' நாடகத்தைப் படமாக்கினார். கிருஷ்ணன் விடுதலையாகி வந்ததும் அந்தப் படத்தில் அவருக்கும் இடம் செய்து சேர்த்து 1947-ல் வெளியிட்டார்கள். ஜெமினியில் வாசன் வருஷக்கணக்காக எடுத்துக்கொண்டிருந்த 'சந்திரலேகா'விலும் இப்படியே நடந்தது. விடுதலையான கிருஷ்ணனையும் மதுரத்தையும் சேர்ப்பதற்காகக் கதையில் புதிதாகக் காட்சிகள் புகுத்தப்பட்டன. 1948-ல் வெளியான அந்தப் படத்தை இந்தியா முழுதும் பார்த்தது.

ஒரே வழக்கு, ஒரே தண்டனை, ஒரே நாளில் விடுதலை. ஆயினும் பாகவதர் மீளவில்லை, கிருஷ்ணன் மீண்டார். பாகவதரின் பின்னாளையப் படங்கள் ஓடவில்லை; 1959-ல் அவர் காலமானார். குரல் கெட்டுப் போயிற்றா என்றால் இல்லை. பிறகு ஏன்? ராஜ வேஷம் தூரத்தில் நின்று தரிசிக்கிற வேஷம். சிறைக் கதவு ஒரு தரம் சாத்தித் திறந்தால் அந்தத் தூரம் போய்விடுகிறது. ஹாஸ்யக்காரன் எப்போதுமே ஜனங்களோடு தரையில் உட்கார்ந்திருப்பவன். அவன் விழுவதற்கு உயரம் ஏது?

சிறையிலிருந்து வந்தவரிடம் கசப்பு இருந்திருக்கலாம். திரையில் அது தெரியவில்லை. தெரிந்தது வேறொரு வேகம். சென்னை மாகாணம் முழுவதிலும் 1948 அக்டோபரில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. அடுத்த ஆண்டில் ஸி. என். அண்ணாதுரை வசனம் எழுத, கிருஷ்ணன் - பஞ்சு டைரக்ட் செய்த 'நல்லதம்பி'யில் நம்மவர் மதுவிலக்கை எடுத்துக்கொண்டார். சர்க்கார் உத்தியோகஸ்தரின் சுற்றறிக்கை சாதிக்காததை ஒரு சிரிப்புச் சாதிக்கும் என்று அவர் நம்பினார். ஆனால் அந்தப் படத்தின் சிகரம் 'கிந்தனார்' காலக்ஷேபம். நந்தனார் சரித்திரம் தெரியாத தமிழர் இல்லை. சேரியிலே பிறந்த அடியவர் சிதம்பரம் போகத் துடித்த கதை. கிருஷ்ணன் காலக்ஷேப பாகவதராக உட்கார்ந்து, அதே நடையில், அதே பக்தி பாவத்தோடு, நந்தனைக் கிந்தனாக மாற்றினார். கிந்தன் துடிப்பது சிதம்பரத்துக்கல்ல, பள்ளிக்கூடத்துக்கு. அவன் நெருப்பில் இறங்கவில்லை. ரயிலேறிப் பட்டணம் போய்ப் படிக்கிறான். அவ்வளவுதான் மாறுதல். பக்தரை ஏளனம் செய்யவில்லை, சிவனைப் பழிக்கவில்லை, எந்த ஜாதியாரின் பெயரைச் சொல்லியும் வசை பாடவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர் சிரித்து முடித்ததும், நந்தன் கோயில் வாசலில் நிறுத்தப்பட்டது போலவே கிந்தனைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி வைத்திருப்பது யார் என்ற கேள்வி நெஞ்சில் தைத்தது. ஹரிஜன சேவையைப் பற்றி மணிக்கணக்கில் பிரசங்கம் செய்கிற நமது நண்பர்கள் இந்த அரை மணி வித்தையைக் கவனித்திருக்கிறார்களா?

1951-ல் 'மணமகள்' வந்தது; கிருஷ்ணனே டைரக்டர். பத்மினிக்குக் கதாநாயகியாகப் பெயர் வாங்கிக் கொடுத்த படம் அது. வசனம் மு. கருணாநிதி. பாரதியாரின் கண்ணம்மா பாட்டு ஒன்றை ஸி. ஆர். சுப்பராமன் ராகமாலிகையாக அமைத்து, எம். எல். வசந்தகுமாரி பாடி, கச்சேரி மேடைகளுக்கும் வீட்டுக் கூடங்களுக்கும் அது பரவியது இந்தப் படத்தினால்தான். அதே வருஷத்தில் சோவியத் நாட்டுக்குச் சென்ற இந்தியச் சினிமாத் தூதுக் கோஷ்டியில் அவரும் ஒருவர். 1952-ல் 'பணம்'. வரதக்ஷிணைக் கொடுமையைப் பற்றிய கதை. சிவாஜி கணேசனுக்கு 'பராசக்தி'யை அடுத்து வந்த படம். சுப்பராமன் அகாலமாக மறைந்தபின் அவருடைய உதவியாளர்களான விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சங்கீத இரட்டையராகப் பெயர் பெற்றது இதில்தான்.

டைரக்டர் என்ற முறையில் அவரைப் பற்றி ஒளிவு மறைவின்றிச் சொல்வதானால், இவ்விரு படங்களிலும் வசனம் படத்தை ஏறி மிதித்துக்கொண்டு போகிற இடங்கள் உண்டு. வில்லுப்பாட்டுக்காரர் கதையை நிறுத்திப் பேசலாம். எதிரிலிருக்கிற ஜனங்கள் பதில் சொல்லுவார்கள். காமிரா பதில் சொல்லாது. மற்றவர்களின் பெரிய படத்துக்குள்ளே தமது பத்து நிமிஷத்தை ஒரு சொல் வீணாகாமல் கட்டியவர், முழுப் படமும் தம் கைக்கு வந்தபோது சில இடங்களில் பிரசங்கியாகிவிட்டார். ஆயினும் வேறு எவர் தொட்டிருந்தாலும் கண்ணீர்க் கதையாகிப் போயிருக்கக்கூடிய விஷயங்களில் சிரிப்பை இழக்காமல் இருந்தார். தி. மு. கழகத்தின் பெயர் திரையில் வரத் தணிக்கை இடங்கொடாத காலத்தில், 'பணம்' படத்தில் 'தீனா மூனா கானா' என்று பாடத் தொடங்கி, கொட்டகை அதிரக் கை தட்டின பிறகு, அது திருக்குறள் முன்னேற்றக் கழகம் என்று சாவதானமாக விளக்கம் சொன்னவர் அவர். எதிர்க் கட்சிக்காரர்களும் சிரித்திருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை.

அவருடைய சார்பு எந்தப் பக்கம் என்பதில் ரகசியம் இல்லை. ஆனால் காந்தியடிகள் மறைந்தபோது நாகர்கோவிலில் தம் செலவில் அவருக்கு நினைவுத் தூண் எழுப்பியவரும் அவரே. நெல்லையிலிருந்து சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துவந்து வில்லுப்பாட்டுக்குப் புது வாழ்வு கொடுத்தவரும் அவரே. அந்தச் சுப்பு ஆறுமுகம் பத்மஸ்ரீ விருது பெற்று 2022-ல் காலமானார். 1957 பொதுத் தேர்தலில் காஞ்சீபுரத்தில் அண்ணாதுரையை எதிர்த்து நின்ற காங்கிரஸ் அபேக்ஷகர் ஒரு டாக்டர். கிருஷ்ணன் அண்ணாதுரைக்காகப் பேச வந்தார். வந்தவர் எடுத்த எடுப்பில் டாக்டரின் கைராசியையும் நற்குணத்தையும் புகழ்ந்துகொண்டே போனாராம்; கூட்டிவந்தவர்களுக்கு வியர்த்துவிட்டதாம். கடைசியில், இப்படிப்பட்ட நல்ல டாக்டரை சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் ஊரிலே உங்களுக்கு வைத்தியம் பார்ப்பது யார், ஆகையால் அவரை இங்கேயே வைத்துக்கொண்டு அண்ணாதுரையை அனுப்புங்கள் என்று முடித்தாராம். இப்படிக் காஞ்சியில் இன்றும் சொல்லுவார்கள். எதிரியைத் திட்டாமல் ஓட்டுக் கேட்கும் இந்தக் கலை அவரோடு போயிற்றோ என்று பல தேர்தல் கூட்டங்களில் தோன்றுகிறது.

அந்தத் தேர்தலில் அண்ணாதுரை ஜெயித்துச் சட்டசபைக்குப் போனார். சில மாதங்களுக்குள், 1957 ஆகஸ்டு 30-ந் தேதி, சென்னையில் கிருஷ்ணன் காலமானார். லக்ஷக்கணக்கில் சம்பாதித்தவர், கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தே தீர்த்தார். சேமித்து வைத்தது என்று சொல்லத்தக்க பொருள் ஒன்றும் மிஞ்சவில்லை. சென்னை தியாகராய நகரில் அவருடைய சிலையை 1969 ஜனவரியில் திறந்து வைத்தவர் முதல் மந்திரி அண்ணாதுரை. நோயுற்றிருந்த அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அதுதான்.

சேப்பாக்கத்தில், 1952-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட சென்னைச் சட்டசபை கூடிய கட்டிடம் பிற்பாடு பாலர் அரங்கமாகிக் கலைவாணர் அரங்கம் என்று பெயர் மாறிற்று. அதை இடித்துவிட்டுக் கட்டிய புது அரங்கம் 2016-ல் திறக்கப்பட்டது. கொரோனாக் காலத்தில் கோட்டைக்குள் இடம் போதாமல் சட்டசபை அங்கே குடிபெயர்ந்தது. 2021 மே 11-ந் தேதி தமிழ்நாட்டின் பதினாறாவது சட்டசபை அங்கத்தினர்கள், எல்லாக் கட்சியாரும், ஒருவர் பின் ஒருவராக எழுந்து பிரமாணம் எடுத்துக்கொண்டது அந்த மண்டபத்தில்தான். வாசலில் எழுதியிருந்த பெயர் ஒழுகினசேரி சோடா விற்ற பையனுடையது.